ஸ்டீம், எபிக்னு சிதறிக் கிடக்கும் கேம்ஸ்: ஒரே இடத்துல அடுக்கிட்டா அடுத்த சேல்ல உங்க பணம் மிச்சம்



ஒரு சின்ன கேள்வி. லேப்டாப்பைத் திறக்காம பதில் சொல்லுங்க. உங்ககிட்ட மொத்தம் எத்தனை பிசி கேம் இருக்கு?

சம்பளம் எந்தத் தேதி வரும், எஸ்ஐபி எந்தத் தேதி போகும், கிரெடிட் கார்டு பில்லுக்கு கடைசி நாள் எது, இதெல்லாம் கேட்டா டக்குனு சொல்லிடுவீங்க. ஆனா கேம் எண்ணிக்கை கேட்டா, "ஒரு அம்பது இருக்குமா?"னு இழுப்பீங்க. உண்மையான எண் பெரும்பாலும் அதைவிட ரெண்டு மூணு மடங்கு இருக்கும். அதுல பாதியை ஒரு தடவை கூட திறந்திருக்க மாட்டீங்க.

இதுக்கு நடுவுல ஜூன் கடைசியில ஸ்டீம் சம்மர் சேல் வரும், டிசம்பர் கடைசியில விண்டர் சேல் வரும். 75 சதவீதம் தள்ளுபடின்னு பச்சைக் கலர் டேக் கண்ணுல பட்டதும் யூபிஐ பின் போட்டுடுவோம். ஒவ்வொரு தடவையும் 300, 500தான். வருஷக் கடைசியில கூட்டிப் பார்த்தா அது ஒரு மாச எஸ்ஐபி தொகையைத் தாண்டிப் போயிருக்கும்.

நம்ம வீட்ல மளிகை லிஸ்ட் போடுறதுக்கு முன்னாடி அம்மா என்ன செய்வாங்க? ஒவ்வொரு டப்பாவா திறந்து பார்ப்பாங்க. துவரம் பருப்பு அரை டப்பா இருந்தா லிஸ்ட்ல அது வராது. கேம் வாங்குறதுக்கும் அதே பழக்கம் வேணும். ஆனா நம்ம டப்பாக்கள் ஆறு வேற வேற அலமாரியில இருக்கு, மேல பேரும் ஒட்டல. இந்தப் பதிவுல அதை ஒரே அலமாரியில அடுக்கி, ஒவ்வொன்னுக்கும் அட்டைப்படம் தானாவே ஒட்ட வைக்கிறது எப்படி, அதை வெச்சு பணத்தை மிச்சம் பண்றது எப்படின்னு பார்க்கலாம். இதுக்கு ஆகுற செலவு பூஜ்யம்.

முதல்ல, கேம்ஸ் எங்கெல்லாம் கிடக்கு?

ஒரு பேப்பர் எடுத்து உங்க பேர்ல இருக்கிற அக்கவுண்ட்களை எழுதுங்க. ஸ்டீம் எல்லார்கிட்டயும் இருக்கும். அடுத்தது எபிக் கேம்ஸ் ஸ்டோர். 2018 டிசம்பர்ல ஆரம்பிச்சதுல இருந்தே இலவச கேம் கொடுத்துட்டு இருக்காங்க. 2020 மே மாசம் ஜிடிஏ 5, அதே மாசம் சிவிலைசேஷன் 6, 2021 ஜூன்ல கன்ட்ரோல், 2022 டிசம்பர்ல டெத் ஸ்ட்ராண்டிங்னு பெரிய பெரிய கேம்களே இலவசமா வந்திருக்கு. அந்த நேரத்துல ஒரு கிளிக்ல எடுத்து வெச்சிட்டு மறந்தவங்க ஏராளம்.

அப்புறம் ஜிஓஜி, யுபிசாஃப்ட் கனெக்ட், இஏ ஆப், பேட்டில்.நெட், மைக்ரோசாஃப்ட்டோட எக்ஸ்பாக்ஸ் ஆப். அமேசான் ப்ரைம் சந்தா மூலமா கேம் எடுத்தவங்களுக்கு அமேசான் கேம்ஸ்னு தனி ஆப். ஒவ்வொன்னுக்கும் தனி லாகின், தனி பாஸ்வேர்டு. எது எங்க இருக்குன்னு தெரியாததால, ஒரு கேம் விளையாடணும்னு தோணினா தேடுறதை விட்டுட்டு வாங்கிடுறோம். எபிக்ல சும்மா கிடக்கிற கேமை ஸ்டீம் சேல்ல காசு கொடுத்து மறுபடியும் வாங்குறது இப்படித்தான் நடக்குது.

எந்த லாஞ்சர்?

விண்டோஸ் வெச்சிருக்கறவங்களுக்கு என்னோட சாய்ஸ் ப்ளேநைட். இலவசம், ஓப்பன் சோர்ஸ், விளம்பரம் கிடையாது. மேல சொன்ன எல்லா ஸ்டோர்லயும் இருக்கிற கேம்களை ஒரே லிஸ்ட்டா கொண்டு வந்து காட்டும். உங்க லைப்ரரி விவரம் எல்லாம் உங்க கம்ப்யூட்டர்லயே இருக்கும்.

வேற வழியும் இருக்கு. ஜிஓஜி கேலக்ஸி கிட்டத்தட்ட இதே வேலையைச் செய்யும், மேக்லயும் ஓடும். லினக்ஸ்ல இருக்கறவங்க லூட்ரிஸ், ஹீரோயிக் பார்க்கலாம். உங்க கேம் எல்லாமே ஸ்டீம்லதான் இருக்குன்னா தனி லாஞ்சரே தேவையில்ல. ஸ்டீம்லயே கலெக்‌ஷன் வசதி இருக்கு, அட்டைப்படமும் மாத்திக்கலாம்.

ஒன்னு மட்டும் தெளிவா புரிஞ்சுக்கோங்க. ப்ளேநைட் போட்டதும் ஸ்டீமையும் எபிக்கையும் அன்இன்ஸ்டால் பண்ணிட முடியாது. பொதுவா கேமைத் திறந்தா பின்னாடி அந்தந்த ஸ்டோர் ஆப்தான் ஓடும். ப்ளேநைட் ஒரு கணக்குப் பிள்ளை மாதிரி. சரக்கு குடோன்ல இருக்கும், பேரேடு இவர்கிட்ட இருக்கும்.

செட்டப்: ஒரு மணி நேர வேலை

1. ப்ளேநைட்டை அதோட சொந்த வெப்சைட்ல இருந்து மட்டும் டவுன்லோட் பண்ணுங்க. வேற சைட்ல கிடைக்கிற "ஃபுல் வெர்ஷன்" எதையும் தொடாதீங்க. இலவச சாஃப்ட்வேருக்கு கிராக் வெர்ஷன்னு யாராவது கொடுத்தா, அதுல வேற ஏதோ இருக்குன்னு அர்த்தம்.

2. முதல் தடவை திறந்ததும் எந்தெந்த ஸ்டோரை இணைக்கணும்னு கேட்கும். பேப்பர்ல எழுதினதை எல்லாம் டிக் பண்ணுங்க. ஒவ்வொரு ஸ்டோருக்கும் லாகின் விண்டோ வரும்.

3. முக்கியமான இடம் இதுதான். ஒவ்வொரு ஸ்டோர் செட்டிங்லயும் இன்ஸ்டால் பண்ணாத கேம்களையும் சேர்க்கணுமான்னு ஒரு ஆப்ஷன் இருக்கும். அதை கண்டிப்பா ஆன் பண்ணுங்க. இல்லைன்னா கம்ப்யூட்டர்ல இப்ப இருக்கிற அஞ்சாறு கேம் மட்டும்தான் வரும். நாம தேடுறதே இன்ஸ்டால் பண்ணாம மறந்து போன கேம்களைத்தான்.

4. விளையாடின நேரத்தையும் இம்போர்ட் பண்ணச் சொல்லுங்க. ஸ்டீம்ல நீங்க விளையாடின மணிக்கணக்கு அப்படியே வந்துடும். பின்னாடி நாம போடப்போற கணக்குக்கு இது வேணும்.

5. இப்ப லைப்ரரி அப்டேட் கொடுத்துட்டு ஒரு டீ குடிச்சிட்டு வாங்க. திரும்பி வரும்போது மொத்த எண்ணிக்கை தெரியும். பதிவோட ஆரம்பத்துல நீங்க சொன்ன எண்ணோட ஒப்பிட்டுப் பாருங்க.

அட்டைப்படம் எங்கிருந்து வருது?

கேம் பேர் வந்ததும் ப்ளேநைட் அதுக்கான மெட்டாடேட்டாவைத் தேடும். அட்டைப்படம், பின்னணிப் படம், ஐகான், வகை, வெளியான தேதி, டெவலப்பர் பேர் எல்லாம் இதுல அடக்கம். ரெண்டு இடத்துல இருந்து எடுக்கும். ஒன்னு அந்தந்த ஸ்டோர். இன்னொன்னு ஐஜிடிபி. இது ஒரு பெரிய கேம் தகவல் களஞ்சியம், இப்ப ட்விட்ச் கையில இருக்கு. எதை முதல்ல பார்க்கணும்னு செட்டிங்ல நீங்களே முடிவு பண்ணலாம்.

என்னோட பரிந்துரை: அட்டைப்படத்துக்கு மட்டும் ஐஜிடிபியை முதல்ல வைங்க. காரணம் சிம்பிள். ஸ்டீமோட நெட்டுக்குத்தான படம் 600-க்கு 900 பிக்சல், அதாவது 2-க்கு 3 விகிதம். ஐஜிடிபி படம் 3-க்கு 4 விகிதம். ரெண்டும் கலந்து வந்தா சில படம் மேலயும் கீழயும் வெட்டுப்படும். ஒரே இடத்துல இருந்து எடுத்தா எல்லாம் ஒரே அளவுல வரிசையா நிக்கும். இல்ல, எனக்கு ஸ்டீம் பாணிதான் பிடிக்கும்னா, ஸ்டீம்கிரிட்டிபின்னு ஒரு தளம் இருக்கு. ரசிகர்களே வரைஞ்சு போட்ட படங்கள் ஆயிரக்கணக்குல கிடைக்கும். அதுக்கான எக்ஸ்டென்ஷனை ப்ளேநைட் உள்ளயே இருக்கிற ஆட்-ஆன் பக்கத்துல இருந்து சேர்த்துக்கலாம்.

தானா வர்ற படம் சில நேரம் தப்பா வரும். ஒரே பேர்ல ரெண்டு கேம் இருக்கிறதுதான் காரணம். டூம்னு 1993-ல ஒன்னு, 2016-ல ஒன்னு. ப்ரேன்னு 2006-ல ஒன்னு, 2017-ல ஒன்னு. டூம் ரெய்டர் 1996-லயும் இருக்கு, 2013-லயும் இருக்கு. இப்படி மாறி வந்திருந்தா அந்த கேம் மேல ரைட் கிளிக் பண்ணி எடிட் போங்க, மெட்டாடேட்டாவை ஐஜிடிபியில இருந்து திரும்ப எடுக்கச் சொல்லுங்க. வர்ற லிஸ்ட்ல வருஷத்தைப் பார்த்து சரியானதைத் தேர்ந்தெடுங்க. முடிஞ்சது.

திருத்தின பிறகு மொத்தமா இன்னொரு தடவை மெட்டாடேட்டா டவுன்லோட் பண்றதா இருந்தா, விடுபட்டதை மட்டும் நிரப்பச் சொல்ற ஆப்ஷனை டிக் பண்ணுங்க. இல்லைன்னா நீங்க கையால மாத்தினது எல்லாம் பழையபடி ஆகிடும். படங்கள் உங்க டிஸ்க்லதான் சேரும், அதனால முதல் டவுன்லோடை மொபைல் ஹாட்ஸ்பாட்ல பண்ணாம வீட்டு வைஃபைல பண்ணுங்க.

"படம் அழகா இருந்தா பணம் எப்படி மிச்சமாகும்?"னு கேட்பீங்க. நியாயமான கேள்வி. ஸ்டோர்காரங்க உங்களை வாங்க வைக்கிறதே அட்டைப்படத்தை வெச்சுத்தான். நீங்க ஏற்கனவே வாங்கினது மட்டும் ஒரு நீளமான எழுத்து லிஸ்ட்ல, பேர் கூட முழுசா தெரியாம கிடக்கு. போட்டி சமமா இல்ல. உங்க பழைய கேமும் அதே அளவு அழகா, ஸ்கிரீன் முழுக்க வரிசையா நின்னா, "அட, இது நம்மகிட்டயே இருக்கா!"னு கை அங்க போகும். சேல் பக்கத்தை மூடுறதுக்கு அந்த ஒரு நொடி போதும்.

டூப்ளிகேட்டைக் கண்டுபிடிங்க

லிஸ்ட்டைப் பேர் வரிசைப்படி மாத்துங்க. ஒரே அட்டைப்படம் பக்கத்துல பக்கத்துல ரெண்டு தடவை வந்தா அது ஒரே கேமோட ரெண்டு காப்பி. எது எந்த ஸ்டோர்ல இருக்குன்னு கேம் விவரத்துல தெரியும். இலவசமா வந்த காப்பி, காசு கொடுத்து வாங்கின காப்பி, ரெண்டும் இருக்கிற கேம் எத்தனைன்னு எண்ணிக்கோங்க. அந்த எண்ணிக்கையைப் பெருக்கல் 500 ரூபாய்னு தோராயமா போட்டாலே போன பணம் எவ்வளவுன்னு புரியும். அதை நினைச்சு வருத்தப்பட்டுப் பிரயோஜனம் இல்ல. இனிமே அந்தத் தொகை போகாது, அதுதான் லாபம். விளையாடாத காப்பியை ஹைட் பண்ணிடுங்க.

அஞ்சு கூடையா பிரிங்க

ப்ளேநைட்ல ஒவ்வொரு கேமுக்கும் ஒரு ஸ்டேட்டஸ் வைக்கலாம். இருபது வகையா பிரிச்சா ஒரு வாரத்துல சலிச்சுடும். அஞ்சு போதும்.

• இப்ப விளையாடுறது: அதிகபட்சம் 2 கேம். மூணாவது வரக்கூடாது.
• அடுத்து: 5 கேம். இதுதான் உங்க நிஜமான விஷ்லிஸ்ட். ஏற்கனவே காசு கொடுத்த விஷ்லிஸ்ட்.
• முடிச்சது: கதை முடிஞ்சா போதும். நூறு சதவீதம் அச்சீவ்மென்ட் தேவையில்ல.
• விட்டது: பிடிக்கல, இனி தொட மாட்டேன். இதை ஒத்துக்கிறது ரொம்ப முக்கியம். 1,500 ரூபாய் கொடுத்தாச்சேன்னு பிடிக்காத கேமை 20 மணி நேரம் இழுத்தா, பணத்தோட சேர்ந்து நேரமும் போகும்.
• தொடாதது: மிச்சம் எல்லாம்.

கேம் பாஸ் மாதிரி சந்தாவுல வர்ற கேம்களுக்கு மட்டும் "வாடகை"னு ஒரு டேக் போடுங்க. சந்தா நின்னா அது உங்ககிட்ட இருக்காது. சொந்த கேமையும் வாடகை கேமையும் ஒரே கணக்குல சேர்க்கக்கூடாது. பல கேம்களை ஒன்னா செலக்ட் பண்ணி ஒரே தடவையில ஸ்டேட்டஸ், டேக் எல்லாம் மாத்தலாம், அதனால இந்த வேலைக்கு அதிக நேரம் ஆகாது.

அப்புறம் ஃபில்டர் போட்டு "தொடாதது" மட்டும் காட்டச் சொல்லி, அந்த ஃபில்டரை சேவ் பண்ணி வெச்சிடுங்க. எது விளையாடுறதுன்னு முடிவு பண்ண முடியலைன்னா, லாஞ்சரே சீட்டு குலுக்கிப் போட்ட மாதிரி ஒரு கேமை எடுத்துக் கொடுக்கும் வசதியும் இருக்கு.

இப்ப கணக்குக்கு வருவோம்

முதல் கணக்கு: மொத்தம் எவ்வளவு போயிருக்கு? ஸ்டீம் சப்போர்ட் பக்கத்துல 'மை அக்கவுண்ட்' போங்க. அதுல உங்க அக்கவுண்ட் சம்பந்தப்பட்ட டேட்டா லிஸ்ட் இருக்கும். அங்க 'எக்ஸ்டர்னல் ஃபண்ட்ஸ் யூஸ்டு'னு ஒன்னு. அக்கவுண்ட் ஆரம்பிச்ச நாள்ல இருந்து நீங்க ஸ்டீமுக்குள்ள போட்ட மொத்தப் பணத்தை டாலர்ல காட்டும். ரூபாய்க்கு மாத்திப் பாருங்க. வேற சைட்ல கீ வாங்கினது இதுல வராது, எபிக், ஜிஓஜி கணக்கும் வராது. அதையெல்லாம் தனியா கூட்டிக்கோங்க.

ரெண்டாவது கணக்கு: ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு? கொடுத்த விலையை விளையாடின மணி நேரத்தால வகுங்க. ரூ.2,999-க்கு வாங்கி 3 மணி நேரம் விளையாடின கேம், மணிக்கு கிட்டத்தட்ட 1,000 ரூபாய். ரூ.529-க்கு வாங்கி 60 மணி நேரம் விளையாடினது மணிக்கு 9 ரூபாய் கூட வரல. உங்க லைப்ரரியில விளையாடின நேரப்படி வரிசைப்படுத்தி முதல் பத்தைப் பாருங்க. உங்களுக்கு நிஜமா பிடிச்சது எந்த வகை, அது எந்த விலையில வந்ததுன்னு தெரிஞ்சுடும். விலை அதிகமான கேம்தான் அதிக நேரம் ஓடியிருக்கும்னு எந்தக் கட்டாயமும் இல்ல.

அதே ரூ.2,999-ஐ உங்க சம்பளத்தோட வெச்சுப் பாருங்க. மாசம் ரூ.30,000 கைக்கு வருது, 22 நாள், தினம் 9 மணி நேரம் ஆபீஸ்னா மணிக்கு 150 ரூபாய் சம்பாதிக்கிறீங்க. அந்த கேம் உங்க 20 மணி நேர உழைப்பு. 20 மணி நேரம் வேலை செஞ்சு 3 மணி நேரம் விளையாடியிருக்கோம்னு பார்த்தா, அடுத்த ப்ரீ-ஆர்டருக்கு முன்னாடி கை கொஞ்சம் யோசிக்கும்.

மூணாவது கணக்கு: நேரம். பெரும்பாலும் யாரும் போடாத கணக்கு இது. வேலை, பயணம், வீடு எல்லாம் போக வாரத்துக்கு 6 மணி நேரம் விளையாட கிடைக்குதுன்னு வைங்க. வருஷத்துக்கு சுமார் 300 மணி நேரம். "தொடாதது" கூடையில 40 கேம் இருக்கு, ஒவ்வொன்னும் சராசரியா 15 மணி நேரம்னா 600 மணி நேரம். அதாவது இன்னைக்கு வாங்குறதை நிறுத்தினா கூட ரெண்டு வருஷத்துக்கு விளையாட சரக்கு கையில இருக்கு. ஒவ்வொரு கேமும் முடிக்க எவ்வளவு நேரம் ஆகும்னு ஹவ்லாங்டுபீட் தளத்துல பார்க்கலாம். ப்ளேநைட்டுக்குள்ளயே அதைக் காட்டுற எக்ஸ்டென்ஷனும் உண்டு.

இது உங்க பிரச்சினை மட்டும் இல்ல. ஸ்டீம் 2024 வருஷக் கடைசியில வெளியிட்ட புள்ளிவிவரப்படி, எல்லாரும் விளையாடின மொத்த நேரத்துல 15 சதவீதம்தான் அந்த வருஷம் ரிலீசான கேம்களுக்குப் போயிருக்கு. மிச்ச நேரம் முழுக்க பழைய கேம். யூசர்களை வரிசையா நிக்க வெச்சு நடுவுல இருக்கறவரைப் பார்த்தா, அவர் அந்த வருஷம் விளையாடினது வெறும் 4 கேம். வருஷத்துக்கு 4 கேம் விளையாடுற நமக்கு ஒவ்வொரு சேல்லயும் 10 கேம் எதுக்கு?

நாலாவதா ஒரு போனஸ் கணக்கு: டிஸ்க் இடம். இன்ஸ்டால் சைஸ் படி வரிசைப்படுத்திப் பாருங்க. நூறு ஜிபிக்கு மேல பிடிச்சுட்டு ஆறு மாசமா திறக்காத கேம் ஒன்னு ரெண்டு நிச்சயம் இருக்கும். அதை அன்இன்ஸ்டால் பண்ணினா அக்கவுண்ட்ல இருந்து போகாது, வேணும்னா திரும்ப டவுன்லோட் பண்ணிக்கலாம். புது எஸ்எஸ்டி வாங்குற யோசனையை இந்த ஒரு லிஸ்ட் தள்ளிப் போடும்.

சேல் வரும்போது என்ன செய்யணும்?

ஸ்டோரைத் திறக்கிறதுக்கு முன்னாடி லாஞ்சரைத் திறங்க. இதுதான் முதல் விதி. தேடல் பெட்டியில கேம் பேரைப் போடுங்க. இருந்தா விஷயம் அங்கேயே முடிஞ்சது.

இல்லைன்னா "அடுத்து" கூடையைப் பாருங்க. அஞ்சு கேம் நிறைஞ்சு இருந்தா, புதுசு ஒன்னு உள்ள வரணும்னா பழசு ஒன்னு முடியணும். தள்ளுபடி போயிடுமேன்னு பதற வேணாம். ஒரு தடவை 60 சதவீதம் குறைஞ்ச கேம் பெரும்பாலும் அடுத்த சேல்லயும் அதே விலைக்கோ அதை விடக் குறைவாவோ வரும்.

வாங்கியே ஆகணும்னா வாங்கின அன்னைக்கே திறந்து பாருங்க. ஸ்டீம்ல வாங்கி 14 நாளுக்குள்ள, 2 மணி நேரத்துக்குக் குறைவா விளையாடியிருந்தா ரீஃபண்ட் கேட்கலாம். எபிக்லயும் ரீஃபண்ட் உண்டுன்னு குறிச்சிருக்கிற கேம்களுக்கு இதே கணக்குதான். ஜிஓஜியில 30 நாள். சேல்ல வாங்கி ஆறு மாசம் கழிச்சு திறந்தா, ஓடலைன்னாலும் பிடிக்கலைன்னாலும் பணம் போனது போனதுதான்.

ஸ்டீம் 2015-ல இருந்து ரூபாய்லயே விலை காட்டுது, யூபிஐயும் வேலை செய்யும். டாலர்ல சார்ஜ் பண்ற ஸ்டோர்ல கார்டு போட்டா நிறைய வங்கிகள் ஃபாரின் கரன்சி மார்க்கப்னு 2-ல இருந்து 3.5 சதவீதம் வரைக்கும் எடுப்பாங்க, அந்த மார்க்கப் மேல 18 சதவீதம் ஜிஎஸ்டி வேற. ரூ.1,700 மதிப்புள்ள கேமுக்கு 3.5 சதவீதம்னா மொத்தம் 70 ரூபாய் கூடுதல். விலையை ஒப்பிடும்போது இதையும் சேர்த்துப் பாருங்க.

சந்தா வெச்சிருக்கீங்களா? ஆட்டோபேல பணம் எடுக்கிறதுக்கு குறைஞ்சது 24 மணி நேரம் முன்னாடி உங்களுக்கு மெசேஜ் வரணும், இது ரிசர்வ் வங்கி விதி. அந்த மெசேஜ் வந்ததும் "வாடகை" டேக்கைத் திறந்து, போன மாசம் எத்தனை மணி நேரம் விளையாடினோம்னு பாருங்க. பூஜ்யம்னா அப்பவே கேன்சல்.

வீட்ல தம்பியோ தங்கச்சியோ விளையாடுறாங்களா? ஸ்டீம் ஃபேமிலிஸ்ல ஒரே வீட்ல இருக்கிற 6 பேர் வரைக்கும் லைப்ரரியைப் பகிர்ந்துக்கலாம். ஒரே கேமை ரெண்டு பேரும் வாங்க வேண்டியதில்ல. ஒரே நேரத்துல ரெண்டு பேரும் அதே கேமை விளையாடணும்னா மட்டும்தான் ரெண்டாவது காப்பி.

இது சொத்து கிடையாது

அட்டைப்படங்கள் வரிசையா நிக்கும்போது ஒரு பெருமை வரும். 200 கேம் இருக்கு, எவ்வளவு மதிப்புன்னு தோணும். மறுவிற்பனை மதிப்பு பூஜ்யம். நீங்க வாங்கியிருக்கிறது விளையாடுறதுக்கான அனுமதி, அதாவது லைசென்ஸ். அமெரிக்காவோட கலிஃபோர்னியா மாநிலம் இதை வாங்குறவங்ககிட்ட தெளிவா சொல்லணும்னு 2024-ல சட்டம் போட்டது, 2025 ஜனவரி 1-ல இருந்து அமல். அதுக்கு முன்னாடியே, 2024 அக்டோபர்ல இருந்து ஸ்டீமும் பணம் கட்டுற இடத்துல நீங்க வாங்குறது லைசென்ஸ்தான்னு எழுதிக் காட்டுது.

இது வெறும் எழுத்து இல்ல. 2014-ல வந்த தி க்ரூங்கிற ரேஸிங் கேமோட சர்வரை யுபிசாஃப்ட் 2024 மார்ச் 31-ல நிறுத்திட்டாங்க. எப்பவும் ஆன்லைன்ல இருந்தாத்தான் ஓடும்ங்கிற கேம் அது. காசு கொடுத்து வாங்கினவங்களும் அதுக்கப்புறம் விளையாட முடியல. ரொம்ப நாள் கையில இருக்கணும்னு நினைக்கிற கேமை ஜிஓஜியில வாங்குறது நல்லது. இன்ஸ்டாலர் ஃபைலையே டவுன்லோட் பண்ணி ஹார்டு டிஸ்க்ல வெச்சுக்கலாம்.

அக்கவுண்ட் பாதுகாப்பும் இதே கணக்குல வரும். இத்தனை வருஷப் பணம் உள்ள இருக்கிற அக்கவுண்ட்டுக்கு ரெண்டு அடுக்கு சரிபார்ப்பு கூட போடாம வெச்சிருக்கோம். இன்னைக்கே எல்லா ஸ்டோர்லயும் ஆன் பண்ணுங்க. ப்ளேநைட் லைப்ரரி மெனுவுல பேக்கப் ஆப்ஷன் இருக்கு, அடுக்கி முடிச்சதும் ஒரு காப்பி எடுத்து வைங்க. அடுத்த லேப்டாப்புக்கு மாறும்போது கூடை பிரிச்ச வேலை வீணாகாது.

ஒரு எச்சரிக்கை

அடுக்குறதே ஒரு பொழுதுபோக்கா மாறிடும். தீம் மாத்துறது, லோகோ மாத்துறது, ஒவ்வொரு கேமுக்கும் சரியான பின்னணிப் படம் தேடுறதுன்னு ரெண்டு வாரம் ஓடிடும், ஒரு கேம் கூட விளையாடியிருக்க மாட்டீங்க. அதனால நேரம் குறிச்சுக்கோங்க. செட்டப்புக்கு ஒரு மணி நேரம், தப்பான படம் திருத்த அரை மணி, கூடை பிரிக்க அரை மணி. மொத்தம் ரெண்டு மணி நேரம். அதுக்கு மேல தப்பா இருக்கிற படம் தப்பாவே இருக்கட்டும்.

விளையாட்டுக்கு செலவே பண்ணாதீங்கன்னு இந்தப் பதிவு சொல்லல. வாரம் முழுக்க உழைக்கிறவங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை ரெண்டு மணி நேரம் கேம் நியாயமான செலவுதான். மாசத்துக்கு ஒரு தொகை ஒதுக்குங்க, 300-ஓ 500-ஓ, உங்க சம்பளத்துக்கு ஏத்த மாதிரி. அந்த மாசம் வாங்கலைன்னா அடுத்த மாசத்துக்கு சேர்த்துக்கோங்க. "தொடாதது" கூடை 10-க்குக் கீழ வர்ற வரைக்கும் அந்தத் தொகை தனியா ஒரு அக்கவுண்ட்லயோ லிக்விட் ஃபண்ட்லயோ சேரட்டும். ரெண்டு வருஷத்துக்கு மாசம் 500-னா 12,000 ரூபாய். அன்னைக்கு நீங்க ரொம்ப ஆசைப்பட்ட கேமை ரிலீஸ் அன்னைக்கே முழு விலைக்கு வாங்கினாலும் கை கடிக்காது.

இந்த வாரக் கடைசியில ரெண்டு மணி நேரம் ஒதுக்கி அடுக்கிப் பாருங்க. ஸ்கிரீன்ல ஒவ்வொரு ஸ்டெப்பா பார்க்கணும்னு நினைக்கிறவங்களுக்கு நம்ம சேனல்ல வீடியோவும் இருக்கு. முடிச்சதும் "அடுத்து" கூடையில இருந்து ஒரு கேமை இன்ஸ்டால் பண்ணி விளையாட ஆரம்பிங்க. அதுக்கு நீங்க எப்பவோ காசு கொடுத்தாச்சு.